ஓடுகிற பையன் வந்துவிட்டான், இனி டீம் எழுந்துவிடுமா?

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். திருமங்கலம் பக்கத்து கால்பந்து டீம், கடைசி 7 மேட்சில் 6 தோல்வி. அதில் 4 மேட்சில் கடைசி இருபது நிமிஷத்தில்தான் கோல் வாங்கியிருக்கிறீர்கள். இப்போது 19 வயசில் ஒரு பையன் நடுவில் ஆட வந்திருக்கிறான். பிராக்டீஸில் மற்றவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகும் அவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். “இவன் ஒருத்தனால் டீம் எழுந்துவிடுமா அண்ணே, இவனை எங்கே நிறுத்துவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பையனைப் பற்றியது போலத் தெரிந்தாலும் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. உங்கள் டீமில் குறைவது ஓட்டமா, வேறு ஏதாவதா? அது தெரிந்துவிட்டால் பையன் விஷயம் பாதி முடிந்த மாதிரி.

நான் கல்லூரி நாட்களில் நடுவில் ஆடியவன். அதன் பிறகு 22 வருஷமாக மதுரையில் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறேன். பெரிய கிளப்பில் வேலை பார்த்ததில்லை. அதனால் நம் ஊர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் கோட்டோரம் நின்று பார்த்தது, வெளிநாட்டு ஆட்டங்களைப் பற்றிச் சொல்வது டிவியில் பார்த்ததும் படித்ததும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 90 நிமிஷ ஆட்டத்தில் ஒரு ஆளின் காலில் பந்து இருப்பது மொத்தமே இரண்டு, மூன்று நிமிஷம்தான். பெரிய லீக்குகளில் ஒரு மிட்ஃபீல்டர், அதாவது நடு ஆட்டக்காரர், ஒரு மேட்சுக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அதில் ஏறக்குறைய எல்லாமே பந்து இல்லாத ஓட்டம். ஆகவே “பையனுக்குத் தெம்பு இருக்கிறது” என்று நீங்கள் எழுதும்போது எனக்கு உடனே தோன்றுவது, அந்தத் தெம்பைப் பந்து இல்லாத நேரத்தில் எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கிறான் என்பதுதான். அதை வைத்து ஒரே பையன் ஒரு டீமைத் தூக்கவும் முடியும், இருக்கிறதையும் கெடுக்கவும் முடியும். இரண்டையும் ஒரே பையனிடம் பார்த்திருக்கிறேன்.

எட்டு, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்துக்கொண்ட ஒரு டீம் தொடர்ந்து 5 மேட்ச் தோற்றிருந்தது. நத்தம் பக்கமிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாவுக்குக் கையாளாகப் போகிறவன். காலை முழுக்கச் செங்கல் சுமந்துவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து வந்து எல்லாரையும் விட அதிகமாக ஓடுவான். முதல் மேட்சிலேயே இறக்கினேன். 3-0 என்று தோற்றோம். பார்க்க வந்தவர்கள் அவனுக்குத்தான் கை தட்டினார்கள். “இவன் ஒருத்தன்தான்யா ஓடுறான்” என்று பக்கத்தில் ஒருவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கும் முதல் பாதி வரை அப்படித்தான் தோன்றியது. செகண்ட் ஹாஃபில் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால்தான் கிரவுண்ட் முழுசாகத் தெரியும். பந்து இடது பக்கம் போனால் அவன் அங்கே இருக்கிறான், வலது பக்கம் போனால் அங்கேயும் இருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அரை அடி தாமதமாகப் போய்ச் சேர்கிறான். அவன் விட்டுவிட்டு வந்த இடம், அதாவது எங்கள் பேக்குகளுக்கு (பின்வரிசையில் தடுத்து ஆடுகிறவர்களுக்கு) முன்னால் உள்ள இடம், கட்டில் போட்டுப் படுக்கிற அளவுக்குக் காலியாகக் கிடக்கிறது. எதிர் டீமின் பத்தாம் நம்பர் அங்கே தனியாக நின்று நிதானமாகத் திரும்பி ஆடினான். மூன்று கோலும் அந்த இடத்திலிருந்து வந்தவைதான்.

அடுத்த வாரம் பிராக்டீஸில் பேக்குகளுக்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கட்டம் போட்டேன். அகலம் இருபது தப்படி, நீளம் பதினைந்து தப்படி இருக்கும். பந்து எதிராளி பாதியில் இருந்தால் நீ எங்கே வேண்டுமானாலும் போகலாம், நடுக்கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்துவிட்டால் நீ இந்தக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்றேன். பையன் முகம் வாடிவிட்டது. “அப்ப நான் ஓட வேணாமா சார்?” என்று கேட்டான். ஓடு, ஆனால் முதலில் இங்கே ஓடி வா என்றேன். இரண்டு வாரம் கஷ்டப்பட்டான்.

மூன்றாவது மேட்சில் நடந்தது ஒரு சின்ன விஷயம். எங்கள் சென்டர் பேக் ஒரு வெல்டிங் பட்டறைப் பையன். நல்ல உடம்பு, பயம் கிடையாது, ஆனால் பந்து காலுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் அடித்துத் தள்ளிவிடுவான். அன்றைக்கு ஒரு பந்து அவனிடம் வந்தது, அடிக்கக் காலையும் ஓங்கிவிட்டான். அந்த நேரத்தில் நத்தத்துப் பையன் பத்து தப்படி தூரத்தில் உடம்பைப் பாதி திருப்பி நின்றுகொண்டு, வலது காலுக்குப் பக்கத்தில் கையைக் கீழே காட்டினான். இங்கே கொடு என்று அர்த்தம். ஓங்கிய கால் இறங்கியது. சாதாரணமான ஒரு பாஸ். அதற்குப் பிறகு அந்தப் பாதியில் நான்கைந்து தடவை அதே பாஸ் போனது. போகப் போக பேக்குகள் நாலு பேரும் ஐந்து தப்படி முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். முன்னால் இருக்கிற இரண்டு பேரும் தலைக்கு மேல் போகிற பந்தைத் துரத்துவதை விட்டுவிட்டார்கள். அந்த மேட்ச் 1-1. அந்த வருஷம் நாங்கள் கோப்பை எதுவும் வாங்கவில்லை, பட்டியலில் நடுவில் முடித்தோம். ஆனால் அந்த டீமைத் தூக்கியது எது என்று கேட்டால் அந்த இறங்கிய காலைத்தான் சொல்வேன்.

நடு ஆட்டக்காரனின் தெம்பு மற்ற ஒன்பது பேருக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அவன் வேகமாகப் போய்ச் சேர்வதால் பேக்குக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருக்கிறான், பேக்குக்குப் பயம் குறைகிறது. பயம் குறைந்தால் முன்னேறி நிற்கிறான். பேக் முன்னேறினால் டீம் சுருங்குகிறது, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் உள்ள தூரம் குறைகிறது. தூரம் குறைந்தால் மற்றவர்கள் ஓட வேண்டிய ஓட்டமும் குறைகிறது. தோற்றுக்கொண்டிருக்கும் டீமைப் பார்த்தால் எல்லாரும் தள்ளித் தள்ளி நிற்பார்கள். பேக்குகள் பயத்தில் பின்னால் போவார்கள், ஃபார்வர்டுகள் பொறுமை இழந்து முன்னால் போவார்கள், நடுவில் ஒரு பொட்டல் காடு கிடக்கும். உங்கள் டீமிலும் இதுதான் நடக்கிறதென்றால் ஓடுகிற பையன் உண்மையிலேயே மருந்து.

அப்புறம் இரண்டாவது பந்து. நம் ஊர் செம்மண் கிரவுண்டில் பந்து தரையில் உருளுவதை விடத் துள்ளுவது அதிகம். இரண்டு பேர் தலையால் முட்டுகிறார்கள், பந்து எங்கோ போய் விழுகிறது. அதை யார் எடுக்கிறார் என்பதில்தான் பாதி மேட்ச் இருக்கிறது. முட்டுகிற ஆளுக்குப் பின்னால் ஏழெட்டு தப்படி தள்ளி நின்று, விழப்போகிற பந்தை எடுக்க ஒரு பையன் இருந்தால் அது பெரிய லாபம். டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், ஐந்து பேர் ஆட்டம் மட்டும் ஆடிப் பழகிய பையன்களுக்கு இது தெரியாது, அங்கே பந்து அவ்வளவு மேலே எழும்பாது. உங்கள் பையன் எங்கே ஆடிப் பழகியவன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உதாரணம் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது, நீங்களும் காண்டே பெயரை எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2014-15 சீசனில் பெரும்பகுதி கடைசி இடத்தில் கிடந்து, முடிவில் தப்பித்து 14-வது இடம் பிடித்தது. 2015 கோடையில் பிரான்சின் கான் கிளப்பிலிருந்து நடு ஆட்டக்காரர் இங்கோலோ காண்டே வந்தார். அடுத்த சீசனில் லெஸ்டர் 81 புள்ளிகளோடு சாம்பியன். அந்த சீசனில் லீக்கிலேயே அதிகமாகப் பந்தைப் பறித்தவரும் அவர்தான், 175 டேக்கிள். எதிராளி பாஸை நடுவில் மறித்ததிலும் அவரே முதலிடம், 156 தடவை. 2016-ல் அதே லீக்கில் ஆடும் செல்சி கிளப்புக்குப் போனார். முந்தைய சீசனில் 10-வது இடத்தில் இருந்த செல்சி 2016-17-ல் 93 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது, அவரை விட்ட லெஸ்டர் 12-வது இடத்துக்கு இறங்கியது. இதைப் படிக்கிற யாருக்கும் ஒரு ஆள் போதும் என்றுதான் தோன்றும்.

ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். காண்டே வருவதற்கு முன்பே லெஸ்டர் எழுந்துவிட்டது, 2014-15-ன் கடைசி 9 மேட்சில் 7 வெற்றி. அவர் வந்த அதே கோடையில் கோச்சும் மாறினார், கிளாடியோ ரனியேரி வந்தார். காண்டே பறித்துக் கொடுத்த பந்தை ஒரே பாஸில் முன்னால் அனுப்ப டேனி டிரிங்க்வாட்டர் பக்கத்திலேயே இருந்தார், அதைத் துரத்திப் பிடிக்க ஜேமி வார்டி இருந்தார். செல்சியிலும் அப்படித்தான். அன்டோனியோ கோண்டே புதுக் கோச்சாக வந்து, 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 தோற்ற பிறகு பின்னால் மூன்று பேரை நிறுத்தும் முறைக்கு மாற்றினார். அதன் பிறகு லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி. காண்டேயால் எவ்வளவு, மற்றதால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அவர் இல்லாமல் நடந்திருக்காது என்பது வரை நம்புகிறேன், அதற்கு மேல் சத்தியம் பண்ண மாட்டேன்.

நம் பக்கத்து உதாரணமும் ஒன்று இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. 2017-18-ல் இந்தியாவின் ஐ-லீக்கில் 10 டீமில் 8-வது. அடுத்த சீசனில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை வீடாக வைத்துக்கொண்டு சாம்பியன் ஆனது. நடுவில் நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகெஸ் போன்ற ஸ்பெயின்காரர்கள் வந்தது உண்மை. முன்னால் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்ததும், அக்பர் நவாஸ் என்ற புதுக் கோச் வந்ததும் அதே அளவு உண்மை. அங்கேயும் ஒரு ஆளைத் தனியே எடுத்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சந்தேகத்தையும் உங்கள் முன் வைக்கிறேன், இதைப் பலரும் யோசிப்பதில்லை. 7 மேட்சில் 6 தோற்ற டீம் பெரும்பாலும் அவ்வளவு மோசமான டீமாக இருக்காது. கொஞ்சம் துரதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, ரெஃப்ரி பார்க்காத கை, காய்ச்சலில் படுத்த கீப்பர். அடுத்த 7 மேட்சில் யாரும் புதிதாக வராமலே நிலைமை கொஞ்சம் தேற வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் வந்து சேர்ந்த பையனுக்கு எல்லாப் பெயரும் போய்விடும். 2020 ஜனவரி கடைசியில் நடு ஆட்டக்காரர் புருனோ ஃபெர்னாண்டஸ் வந்த பிறகு மான்செஸ்டர் யுனைடெட் லீக்கில் மீதமிருந்த 14 மேட்சிலும் தோற்கவில்லை, மூன்றாவது இடத்தில் முடித்தது. அவர் பெரிய ஆட்டக்காரர், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் கொரோனாவால் மூன்று மாத இடைவெளி வந்தது, காயத்தில் இருந்த ராஷ்ஃபோர்டும் போக்பாவும் அதற்குள் தேறித் திரும்பினார்கள். உங்கள் பையன் வந்த பிறகு இரண்டு மேட்ச் ஜெயித்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் எல்லாம் அவனால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு மேட்ச் தோற்றாலும் அவன் மேல் போடாதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைசி இருபது நிமிஷத்தில் கோல் வாங்குகிறோம் என்கிறீர்கள். எனக்கு உறுத்துவது இதுதான், ஏனென்றால் இதை ஒரு பையனின் தெம்பு சரி பண்ணாது. அவன் ஒருத்தன் 90-வது நிமிஷத்திலும் ஓடுவான், மற்ற ஒன்பது பேர் ஓய்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவன் மட்டும் பந்தைத் துரத்தி முன்னால் போனால் பின்னால் திறந்துவிடும், நிலைமை இன்னும் மோசமாகும். நம் ஊர் வெயிலில் நாலு மணிக்கு மேட்ச் ஆரம்பித்தால் தரைச் சூடே போதும் காலை இழுக்க. வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த அளவீடு 32 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்துகிற வழக்கத்தை 2014 உலகக் கோப்பையிலேயே ஃபிஃபா கொண்டு வந்துவிட்டது. நம் ஊரில் ரெஃப்ரியிடம் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், கேளுங்கள். உப்புப் போட்ட மோர் ஒரு குடம் கோட்டோரம் இருக்கட்டும். 65-வது நிமிஷத்துக்குள் ஓய்ந்த இரண்டு பேரையாவது மாற்றுங்கள். ஸ்கோர் நன்றாக இருக்கிறதே என்று காத்திருந்து 80-ல் மாற்றுவதுதான் நம் டீம்கள் எல்லாம் பண்ணுகிற தப்பு, நானும் பல வருஷம் பண்ணியிருக்கிறேன்.

பையனை எங்கே நிறுத்துவது என்றால், தனியாக நிறுத்தாதீர்கள். நடுவில் இரண்டு பேர் போட்டு, ஒருவராக உங்கள் கேப்டனை வையுங்கள். 31 வயசு, பாஸ் நன்றாகப் போடுவார், கால்தான் கொஞ்சம் மந்தம் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரை. பையன் வந்துவிட்டான் என்று அவரை வெளியே உட்கார வைக்கத்தான் எல்லாருக்கும் கை அரிக்கும். அதைச் செய்யாதீர்கள். பறிக்கிறவன் வேறு, பறித்ததை வைத்து யோசிக்கிறவன் வேறு. மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரியைப் பாருங்கள், அவர் வேகக்காரர் இல்லை, நிற்கிற இடம்தான் அவருடைய பலம். 2024 செப்டம்பரில் அவருக்கு முழங்கால் போனது. தொடர்ந்து நான்கு தடவை லீக் ஜெயித்திருந்த அந்த டீம், அக்டோபர் கடைசியிலிருந்து இரண்டு மாதத்தில் 13 மேட்ச் ஆடி ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. உங்கள் கேப்டன் ரோட்ரி இல்லைதான், ஆனால் அவர் செய்கிற வேலை அந்த வகை வேலை. பையன் அவருக்காக ஓடட்டும், அவர் பையனுக்காகப் பார்க்கட்டும். இதைக் கேப்டனிடம் நீங்களே தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். இவன் உங்கள் இடத்தைப் பிடிக்க வரவில்லை, உங்களை இன்னும் இரண்டு வருஷம் ஆட வைக்க வந்திருக்கிறான் என்று சொல்லுங்கள். டீ கடையில் வேறு யாராவது வேறு மாதிரிச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

எப்போது துரத்துவது என்பதைப் பையனுக்கு நான்கு அடையாளமாகச் சொல்லிக் கொடுங்கள். எதிராளி பந்தைச் சரியாக நிறுத்தாமல் தட்டிவிட்டால், தன் கோல் பக்கம் திரும்பி நின்றால், பின்னால் பாஸ் கொடுத்தால், கோட்டோரம் மாட்டிக்கொண்டால் பாய்ந்து போகலாம். அவனோடு குறைந்தது இன்னும் இரண்டு பேர் போக வேண்டும். இந்த நான்கும் இல்லாத நேரத்தில் தன் இடத்தில் நிற்க வேண்டும். 19 வயசுப் பையனுக்கு ஓடுவதை விட நிற்பது கஷ்டம், பொறுமையாக இருங்கள்.

இன்னொன்று, பந்து வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பிப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். நார்வேயைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர் இதையே பல வருஷம் வீடியோவில் எண்ணியிருக்கிறார். பந்து வருமுன் அடிக்கடி தோளுக்குப் பின்னால் பார்க்கிற ஆட்டக்காரர்கள் முன்னோக்கி நல்ல பாஸ் போடுவது அதிகம் என்று கண்டார். நான் பையன்களுக்குப் பின்னால் நின்று விரலைக் காட்டுவேன். பந்து காலுக்கு வருமுன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தினம் பத்து நிமிஷம் போதும், செலவு கிடையாது. மூன்று, நாலு வாரத்தில் பையன்களிடம் வித்தியாசம் தெரிவதைப் பார்த்திருக்கிறேன்.

அவன் வேலை செய்கிறானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கோலையும் ஸ்கோரையும் வைத்து முதல் நான்கு மேட்சில் ஒன்றும் சொல்ல முடியாது. கோட்டோரம் ஒரு ஆளிடம் நோட்டும் பேனாவும் கொடுத்து இரண்டே இரண்டை எண்ணச் சொல்லுங்கள். முட்டி விழுந்த பந்தை நம் ஆள் எத்தனை தடவை எடுத்தான், நம் சென்டர் பேக் பந்தை அடித்துத் தள்ளாமல் எத்தனை தடவை பாஸ் கொடுத்தான். இந்த இரண்டு எண்ணும் மேட்சுக்கு மேட்ச் ஏறினால் ஸ்கோர் பின்னால் வரும் என்பது என் அனுபவம். இரண்டும் அப்படியே இருந்து பையன் மட்டும் வேர்த்து விறுவிறுத்து நின்றால், அவனைத் தப்பான இடத்தில் ஓட விடுகிறீர்கள்.

கடைசியாக அவன் உடம்பு. நத்தத்துப் பையனை நான் ஒரு சீசன் முழுக்க எல்லா மேட்சிலும் முழு நேரம் ஆட வைத்தேன், நடுவில் வேறு இரண்டு டீமுக்காக டோர்னமென்ட் ஆடப் போனதையும் தடுக்கவில்லை. செங்கல் வேலை வேறு. மார்ச் மாதத்தில் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது, அவன் அதை என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவேன் என்று பயம். அடுத்த மேட்சில் முப்பதாவது நிமிஷத்தில் கிழிந்தது. இரண்டரை மாதம் ஆட்டமும் இல்லை, அவன் வீட்டுக்கு வேலையும் இல்லை. உங்கள் பையன் பகலில் என்ன வேலை பார்க்கிறான், வாரத்துக்கு எத்தனை டீமுக்கு ஆடுகிறான், மேட்ச் அன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டு வருகிறான் என்று இந்த வாரமே கேளுங்கள். ஞாயிறு மேட்ச் ஆடினால் திங்கள், செவ்வாய் ஓட விடாதீர்கள், அவனே கெஞ்சினாலும் சரி.